என் பகுதித் தெருக்களையும் சைக்கிள் பாதைகளையும் திறந்த வரைபடத்தில் நானே சேர்க்கலாமா?

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தினமும் சைக்கிளில் போய்வருகிற சந்துகளில் பல, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இல்லை; சைக்கிள் பாதை என்று அது காட்டுகிற ஓரிடத்தில் அப்படி எதுவுமே கிடையாது. கணினிப் படிப்பு எதுவும் இல்லாத நான் இதைத் திருத்தலாமா? தெரியாமல் எதையாவது கெடுத்து, யாரையாவது தப்பான வழியில் அனுப்பிவிட்டால் என்ன செய்வது? இதுதான் அவர் கேட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் 'எப்படிச் சேர்ப்பது' என்கிற கேள்விபோல இருக்கிறது. ஆனால் அவருக்கு உண்மையில் தெரியவேண்டியது வேறு என்று நினைக்கிறேன்: அந்தத் தெருவில் போய்வருகிறவர் என்பதைத் தவிர வேறு தகுதி இல்லாத ஒருவருடைய சொல்லை நம்பி ஒரு வரைபடம் இருக்கலாமா? நான் 12 ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் இந்த வரைபடத்தில் வேலை செய்கிறேன். அதில் பெரும்பகுதி, புதிதாக வந்தவர்களின் திருத்தங்களைப் பார்த்து, தேவைப்பட்டால் அவர்களோடு பேசிச் சரிசெய்வதில் போயிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: தாராளமாக இருக்கலாம். சைக்கிள் விஷயத்தில் உங்கள் சொல்லுக்கு ஈடாக வேறு எதுவும் இல்லை என்பதையும் கீழே காட்டுகிறேன்.

முதலில் உறுதியானவை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கினார். அந்த நாட்டின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் தரவு அப்போது காசு கொடுத்து, கட்டுப்பாடுகளோடுதான் கிடைத்தது. அதனால் நாமே நடந்தும் சைக்கிள் மிதித்தும் ஒரு வரைபடத்தை உண்டாக்கலாம் என்ற எண்ணம் வந்தது. அது சாத்தியமானதற்கு ஒரு காரணம் உண்டு. 2000-ம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை வேண்டுமென்றே துல்லியம் குறைத்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அந்தக் கட்டுப்பாடு விலகிய பிறகுதான் ஒரு கையடக்கக் கருவியை வைத்துக்கொண்டு இந்தத் தெரு எது, அடுத்த தெரு எது என்று பிரித்துப் பதிய முடிந்தது. அந்த முதல் ஆண்டுகளில் பலர் கருவியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்வந்தார்கள். சைக்கிள் வழித்தடங்களைத் தனியாக எடுத்துக்காட்டுகிற ஓப்பன்சைக்கிள்மேப் 2007-லேயே வந்துவிட்டது. ஆக, சைக்கிள்காரர்கள் இந்த வரைபடத்துக்குப் பிற்பாடு வந்த விருந்தாளிகள் இல்லை.

இது படம் இல்லை, தரவு என்பதைத்தான் அடுத்ததாக மனதில் வைக்கவேண்டும். திரையில் தெரிகிற படம் அந்தத் தரவில் இருந்து வரையப்படுகிற பல படங்களில் ஒன்று, அவ்வளவுதான். உள்ளே இருப்பவை மூன்றே மூன்று வகை: புள்ளி, புள்ளிகளைக் கோத்த கோடு, கோடுகளையும் புள்ளிகளையும் ஒன்றாகக் கட்டுகிற தொகுப்பு. இவை ஒவ்வொன்றின் மேலும் டேக் எனப்படும் சிறு குறிப்புகளை ஒட்டுகிறோம். இது குடியிருப்புத் தெரு, இதன் பெயர் இன்னது, மேற்பரப்பு தார், ஒருவழி, இரவில் விளக்கு உண்டு என்கிற மாதிரி. நீங்கள் ஒரு தெருவைச் சேர்க்கிறீர்கள் என்றால் ஒரு கோடு போட்டு அதன் மேல் நாலைந்து குறிப்புகளை ஒட்டுகிறீர்கள். உலாவியிலேயே திறக்கிற ஐடி என்ற கருவியில் இதைப் படிவம் நிரப்புவதுபோலச் செய்துவிடலாம். ஆண்ட்ராய்டு போனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்றொரு செயலி இருக்கிறது. அது உங்கள் பக்கத்துத் தெருவைக் காட்டி 'இந்தச் சாலையின் மேற்பரப்பு என்ன', 'இங்கே சைக்கிளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறதா' என்று கேட்கும். பதிலைத் தொட்டால் போதும். கணினிப் படிப்பு வேண்டுமா என்ற கவலைக்கு இதுவே பதில்.

தெருவைச் சேர்க்கிற வேலையில் புதியவர்கள் பெரும்பாலும் கோடு நேராக வருகிறதா, வளைவு அழகாக இருக்கிறதா என்று பார்த்துப்பார்த்து வரைவார்கள். அது அவ்வளவு முக்கியமில்லை. ஒரு கோடு இரண்டு மீட்டர் தள்ளியிருந்தால் யாரும் வழிதவறமாட்டார்கள். ஆனால் அந்தக் கோடு பெரிய சாலையில் சேர்கிற இடத்தில் இரண்டுக்கும் பொதுவான புள்ளி இல்லாவிட்டால், கண்ணுக்கு ஒட்டியிருப்பதுபோலத் தெரியும், வழிகாட்டும் மென்பொருளுக்கோ அது தனித்தீவு. உங்கள் சந்து வரைபடத்தில் இருக்கும். ஆனால் அதன் வழியாக யாரையும் அது அனுப்பாது. நான் தொடங்கிய முதல் மாதத்தில் ஒரு குடியிருப்புப் பகுதி முழுவதையும் இப்படித்தான் வரைந்து வைத்தேன், ஒரு முனைகூட ஒட்டாமல். வேறொரு தன்னார்வலர் அதைக் கவனித்து, திட்டாமல், ஒரு சந்திப்பைத் தானே ஒட்டிக்காட்டி மற்றவற்றை என்னிடமே விட்டார். அன்றிலிருந்து எதை வரைந்தாலும் முதலில் முனைகளைத்தான் பார்க்கிறேன். இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. மேம்பாலமும் கீழே போகிற சாலையும் மேலிருந்து பார்த்தால் குறுக்கிடும். அங்கே புள்ளியைப் பொதுவாக்கிவிட்டால் பாலத்தில் இருந்து கீழே குதிக்கச் சொல்லி வழிகாட்டி சொல்லும். நிலத்தில் ஒன்று சேர்கிற இடத்தில் மட்டும் ஒட்டுங்கள்.

செயற்கைக்கோள் படத்தை வைத்து வரையும்போது ஒரு எச்சரிக்கை. படம் எப்போதும் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்காது. சில பகுதிகளில் பல மீட்டர் நகர்ந்து இருக்கும், மலைப்பாங்கான இடங்களில் இன்னும் மோசம். ஏற்கெனவே இருக்கிற கோடுகள் எல்லாம் ஒரே பக்கமாக ஒரே அளவு விலகியிருப்பதுபோலத் தோன்றினால், அந்தக் கோடுகளை நகர்த்தக் கை பரபரக்கும். செய்யாதீர்கள். பலர் பதிந்துவைத்த ஜிபிஎஸ் தடங்களைத் திரையில் வரவழைத்து, அவை எங்கே குவிகின்றன என்று பாருங்கள். போன் ஜிபிஎஸ் திறந்தவெளியில் ஏறத்தாழ ஐந்து மீட்டருக்குள் வரும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் அலையும். ஒரு தடத்தை மட்டும் நம்பமுடியாது, பத்துத் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் நம்பலாம். அவற்றுக்கு ஏற்றபடி படத்தைத்தான் நகர்த்தவேண்டும். அதற்கு ஐடியிலேயே வசதி இருக்கிறது.

தெருப்பெயருக்கு வழி எளிது: பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை, சுருக்காமல் முழுதாக எழுதவேண்டும். மக்கள் வாயில் வழங்குகிற பெயர் வேறாக இருந்தால் அதை மாற்றுப்பெயர் என்ற தனி இடத்திலும், பழைய பெயரைப் பழைய பெயருக்கான இடத்திலும் போடலாம். ஒவ்வொரு மொழியிலும் பெயரைத் தனித்தனியாக எழுத இடம் உண்டு, தமிழுக்கும் உண்டு. பெயர் தெரியாவிட்டால் வெறுமையாக விடுங்கள். ஊகித்து எழுதிய பெயரை அழிப்பது, இல்லாத பெயரைச் சேர்ப்பதைவிடப் பலமடங்கு கடினம்; ஏனென்றால் எழுதியிருப்பதைப் பார்த்தால் எவருக்கும் அது சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றிவிடும்.

இனி சைக்கிளுக்கு வருகிறேன். 'சைக்கிள் பாதை' என்று நாம் பேச்சில் ஒரே சொல்லாகச் சொல்வதை இந்த வரைபடம் நான்காகப் பிரிக்கிறது. இந்தப் பிரிவு புரியாததால்தான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன. நீங்கள் பார்த்த 'இல்லாத சைக்கிள் பாதை'யும் அநேகமாக இதனால் வந்ததுதான். முதலாவது, சாலையில் இருந்து தடுப்போ புல்வெளியோ உயரவித்தியாசமோ கொண்டு பிரிக்கப்பட்ட தனிப்பாதை. இரண்டாவது, சாலையின் மேலேயே பெயின்ட் அடித்து ஒதுக்கிய பட்டை. மூன்றாவது, அனுமதி: பாதை நடப்பவர்களுக்காகப் போட்டதாக இருக்கும், ஆனால் சைக்கிளும் போகலாம் என்று பலகை இருக்கும். நான்காவது, வழித்தடம்: பல தெருக்களையும் பாதைகளையும் கோத்து, எண்ணோ பெயரோ கொடுத்து, வழிநெடுகப் பலகை நட்டு அறிவித்த நீண்ட தடம். முதல் இரண்டும் கண்ணால் பார்க்கிற பொருட்கள், மூன்றாவது சட்டம், நான்காவது ஓர் அறிவிப்பு. நாலும் ஒரே இடத்தில் சேர்ந்தும் இருக்கலாம், ஒன்றுமட்டும் இருக்கலாம். எந்தத் தனிப்பாதையும் இல்லாத சாதாரணத் தெருவின் வழியாகப் பெயர்பெற்ற வழித்தடம் போவது உலகமெங்கும் உண்டு. சைக்கிள் வரைபடத்தில் அது தடித்த வண்ணக் கோடாகத் தெரியும். அங்கே போய்ப் பார்த்தால் லாரி ஓடுகிற சாலைதான் இருக்கும். ஆகவே உங்கள் பகுதியில் இருக்கிற அந்தக் கோட்டை அழிக்கும் முன், அதைத் தொட்டு அது பாதையா வழித்தடமா என்று பாருங்கள்.

பிரிக்கப்பட்ட தனிப்பாதையைத் தனிக்கோடாக வரையலாம், அல்லது சாலைக் கோட்டின் மேலேயே குறிப்பாக ஒட்டலாம், இரண்டையும் ஏற்கிறார்கள். பெயின்ட் பட்டைக்குத் தனிக்கோடு கூடாது. அதில் தயக்கமே வேண்டாம், ஏனென்றால் அங்கே சைக்கிள்காரர் எந்த இடத்திலும் பட்டையைவிட்டு விலகித் திரும்பமுடியும். தனிக்கோடு போட்டால் அந்தச் சுதந்திரம் தரவில் காணாமல் போகும். தனிப்பாதையைத் தனிக்கோடாக வரைகிறவர்கள் ஒரு பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறார்கள்: வழியில் வருகிற ஒவ்வொரு பக்கத்தெருவோடும், ஒவ்வொரு கடக்கும் இடத்தோடும் அதைப் பொதுப்புள்ளியில் ஒட்டவேண்டும். இரண்டு கிலோமீட்டர் பாதையை அழகாக வரைந்து, இரண்டு முனைகளில் மட்டும் ஒட்டிவிட்டுப் போனால், நடுவில் வீடு இருக்கிற சைக்கிள்காரரைக் கடைசிவரை போய்த் திரும்பிவரச் சொல்லும். அவ்வளவு நேரம் இல்லை என்றால் சாலையின் மேல் குறிப்பாக ஒட்டிவிடுங்கள், தப்பே இல்லை.

அப்படி ஒட்டும்போது 'இடது பக்கம்', 'வலது பக்கம்' என்று சொல்லவேண்டி வரும். யாருடைய இடது? அந்தக் கோட்டை முதலில் வரைந்தவர் எந்தத் திசையில் வரைந்தாரோ அந்தத் திசையில் முகம்வைத்து நின்றால் வருகிற இடது. நீங்கள் தினமும் எந்தப் பக்கமாகப் போகிறீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்த நாட்டில் வண்டிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதற்கும் இல்லை. சேமிக்கும் முன் ஒருமுறை கோட்டின் திசையைப் பாருங்கள். அனுபவசாலிகளும் சறுக்குகிற இடம் இது.

ஒருவழித் தெருக்களில் எதிர்த்திசையில் சைக்கிளுக்கு மட்டும் அனுமதி இருக்கிற ஊர்கள் நிறைய. 'சைக்கிளுக்கு ஒருவழி இல்லை' என்று ஒற்றைக் குறிப்பு சேர்த்தால், வழிகாட்டி மென்பொருள் அதுவரை சுற்றி அனுப்பிய எல்லோரையும் நேராக அனுப்ப ஆரம்பிக்கும். நான் செய்த திருத்தங்களில் உழைப்புக்கு மிஞ்சிய பயன் தந்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பலகையைப் படிக்க அரை நிமிடம், குறிப்பை ஒட்ட அரை நிமிடம். ஆனால் பலகை இருக்கவேண்டும். எல்லோரும் எதிர்த்திசையில் போகிறார்கள் என்பதால் அனுமதி இருப்பதாக எழுதக்கூடாது. அந்தக் குறிப்பை நம்பி வருகிற வெளியூர்க்காரர் முன்னால் வண்டி வந்து நிற்கும்.

அப்புறம், சைக்கிள்காரருக்கு மட்டுமே உறைக்கிற சின்னச்சின்ன விஷயங்கள். மேற்பரப்பு தாரா, சிமென்டா, பதித்த கல்லா, சரளையா, வெறும் மண்ணா. பாதையின் வாயிலில் நட்டிருக்கிற குட்டைத் தூண்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி. பெட்டிவைத்த சரக்குச் சைக்கிளோ மூன்று சக்கர வண்டியோ நுழையுமா. படிக்கட்டு இருந்தால் அதன் ஓரத்தில் சைக்கிளை உருட்ட சரிவுத்தடம் இருக்கிறதா. கேட் பூட்டியிருக்குமா, எப்போது திறக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டிய இடமா. இவை ஒன்றுகூட வானத்தில் இருந்து தெரியாது. மைக்ரோசாஃப்ட், மெட்டா போன்ற நிறுவனங்கள் செயற்கைக்கோள் படங்களில் இருந்து கணினியே சாலைகளைக் கண்டுபிடிக்கிற முறையைக் கொண்டுவந்துவிட்டன. அந்தத் தரவைப் பார்த்துச் சேர்க்கிற கருவியும் இருக்கிறது. சாலை இருக்கிறது என்பதை அது நன்றாகவே சொல்கிறது, வரைபடமே இல்லாத பகுதிகளில் பேருதவி. ஆனால் அந்தச் சாலையின் நடுவில் ஒரு பூட்டிய கேட் இருப்பதை அது சொல்லாது. 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் படங்களைப் பார்த்து போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரத் தெருக்களைச் சில நாட்களில் வரைந்துகொடுத்தார்கள். மீட்புப் பணியில் இருந்தவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். தொலைவில் இருந்துகொண்டே எவ்வளவு செய்யமுடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கேயும் தெருப்பெயரைச் சொல்ல, அந்தத் தெருவை அறிந்தவர்தான் தேவைப்பட்டார். நீங்கள் தினமும் மிதித்துப்போகிற தெருவில் உங்களுக்குத் தெரிவது எந்தச் சர்வரிலும் இல்லை.

வழித்தடங்களைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆர்வமுள்ளவர்கள் தவறுவது இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு போகிற அருமையான சுற்று ஒன்று உங்களுக்கு இருக்கலாம். அதை வழித்தடமாகச் சேர்க்க ஆசை வரும். சேர்க்கக்கூடாது. நாளை இன்னொருவர் அங்கே வந்து நின்று பார்த்தால் அதற்கு ஓர் அடையாளம் தெரியவேண்டும்: பலகை, எண், தரையில் வரைந்த குறி, ஏதாவது ஒன்று. ஐரோப்பாவில் யூரோவெலோ வழித்தடங்கள் நாடுவிட்டு நாடு போகின்றன. அட்லான்டிக் கரையில் தொடங்கிக் கருங்கடல் வரை போகிற ஆறாம் எண் தடம் அவற்றில் ஒன்று. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் ஒவ்வொரு சந்திப்புக்கும் எண் கொடுத்து, அடுத்தடுத்த எண்களைப் பார்த்துக்கொண்டே போகும்படி வலைபோல அமைத்திருக்கிறார்கள். இவையெல்லாம் தரவில் தொகுப்புகளாக இருக்கின்றன. பன்னாட்டு, தேசிய, வட்டார, உள்ளூர் என்று நான்கு நிலைகள். உங்கள் ஊரில் இரண்டு கிலோமீட்டருக்குப் பலகை நட்டிருந்தால்கூட அது உள்ளூர் வழித்தடம்தான், சேர்க்கலாம். பலகை இல்லாத பிடித்த சுற்றை உங்கள் சொந்தத் தடப்பதிவாகப் பகிர்ந்துகொள்ளுங்கள். அதில் இருக்கிற ஒவ்வொரு தெருவுக்கும் மேற்பரப்பையும் விளக்கையும் சரியாகச் சேருங்கள். வழிகாட்டி மென்பொருள் தானாகவே நல்ல தெருக்களைத் தேடி எடுத்துக்கொள்ளும்.

அறிவிக்கப்பட்டு இன்னும் கட்டப்படாத பாதைகளும் அதே கதைதான். அரசு அறிவிப்பு வந்துவிட்டது, படம் வெளியாகிவிட்டது, இருந்தாலும் தரையில் பாதை இல்லை. அதைத் திறந்த பாதையாக வரைந்தால் அங்கே போய் நிற்பவருக்குப் பள்ளம்தான் கிடைக்கும். கட்டுமானம் நடக்கிறது என்று குறிக்கத் தனி வகை இருக்கிறது, வேலை தொடங்கியபிறகு அதைப் பயன்படுத்தலாம்.

இதுவரை சொன்னது உறுதி. உறுதியில்லாத பகுதியும் இருக்கிறது. நடைபாதையில் பலகை எதுவும் இல்லாதபோது சைக்கிள் போகலாமா கூடாதா என்பது நாட்டுக்கு நாடு மாறுகிற சட்டம். சில இடங்களில் உள்ளூர் நிர்வாகத்துக்கே தெளிவில்லை. இதில் நான் யாருக்கும் தீர்ப்பு சொல்வதில்லை. பலகை இருந்தால் பலகை சொல்வதைப் பதியுங்கள், இல்லாவிட்டால் அனுமதிக் குறிப்பைக் காலியாக விட்டு, மேற்பரப்பு, அகலம் போன்ற கண்ணுக்குத் தெரிபவற்றை மட்டும் எழுதுங்கள். நடப்பவரும் சைக்கிள்காரரும் பகிர்ந்துகொள்கிற பாதையைச் சைக்கிள் பாதை என்று வகைப்படுத்துவதா, பொதுவான பாதை என்று போட்டுச் சைக்கிள் அனுமதியைச் சேர்ப்பதா என்று இந்தச் சமூகத்துக்குள்ளேயே பல ஆண்டு விவாதம் நடந்து இன்னும் முடியவில்லை. உங்கள் நாட்டுத் தன்னார்வலர்கள் எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறார்களோ அதைப் பின்பற்றுவதே நல்லது என்பது என் கருத்து. அதற்குமேல் எனக்குப் பிடிவாதம் இல்லை. வழவழப்பைக் குறிக்கிற அளவுகோலும் அப்படித்தான். அகல டயர் வைத்தவருக்கு 'நன்று' என்று படுவது மெல்லிய டயர்காரருக்கு முதுகுவலி. மேற்பரப்பின் பொருளைச் சொல்லுங்கள், அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடம் குறைவு. தனியார் நிலத்தின் வழியாகப் போகிற ஒற்றையடிப் பாதை இருந்தால், இருக்கிறது என்று வரையலாம். ஆனால் தனியார் என்ற குறிப்பு இல்லாமல் விட்டால் அந்நியர்களை ஒருவர் வீட்டு முற்றத்துக்கு அனுப்புகிறீர்கள்.

எங்கிருந்து எடுக்கலாம் என்பதில் மட்டும் கொஞ்சமும் தளர்வு கிடையாது. கூகுள் மேப்ஸைப் பார்த்துத் தெருப்பெயர் எழுதக்கூடாது, அதன் தெருக்காட்சிப் படங்களைப் பார்த்தும் எழுதக்கூடாது, அச்சிட்ட வரைபடத்தில் இருந்தும் கூடாது. பெயர் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், சும்மா உறுதிசெய்துகொள்ளப் பார்த்தேன் என்றாலும் வேண்டாம். இந்தத் தரவு 2012 செப்டம்பர் முதல் ஓடிபிஎல் என்ற உரிமத்தில் வெளியாகிறது. யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், மூலத்தைக் குறிப்பிடவேண்டும், தரவை மேம்படுத்தி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் தரவேண்டும் என்பது அதன் சாரம். பிறருக்குச் சொந்தமான தரவு உள்ளே கலந்தால் அந்த வாக்குறுதியே ஆட்டம்காணும். வேண்டிய அளவுக்கு நேர்மையான மூலங்கள் இருக்கின்றன: உங்கள் கண், நீங்கள் எடுத்த படம், உங்கள் ஜிபிஎஸ் தடம், ஐடியில் வருகிற அனுமதி பெற்ற செயற்கைக்கோள் படங்கள், மேப்பில்லரியில் மக்கள் ஏற்றிய தெருப் படங்கள். அரசுத் தரவு திறந்த உரிமத்தில் கிடைத்தால்கூட மொத்தமாகக் கொட்டாதீர்கள். அமெரிக்காவில் 2007, 2008 ஆண்டுகளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் டைகர் சாலைத் தரவை மொத்தமாக இறக்கினார்கள். நாடு முழுவதும் ஒரேயடியாக நிரம்பியது உண்மைதான். இல்லாத சாலைகளும் இடம் தள்ளிய கோடுகளும் அதோடு வந்தன, அவற்றைத் திருத்துகிற வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. மொத்தமாக இறக்குவது என்றால் முன்பே சமூகத்தில் பேசி ஒப்புதல் வாங்கவேண்டும் என்று இப்போது விதியே இருக்கிறது.

சரி, கெடுத்துவிடுவேனோ என்ற பயத்துக்கு வருகிறேன். நீங்கள் சேமிக்கிற ஒவ்வொரு திருத்தமும் பழைய நிலையோடு சேர்த்து வரலாற்றில் இருக்கும். எதை அழித்தாலும் மீட்கலாம். புதியவர்களின் திருத்தங்களை எடுத்துக்காட்டுகிற கருவிகளை வைத்து என்னைப் போன்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்; தப்பு இருந்தால் திருத்தத்துக்குக் கீழேயே கருத்து எழுதுவோம். அந்தக் கருத்துக்குப் பதில் சொன்னால் போதும், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். மொத்தத்தில் இந்த முறை எவ்வளவு நம்பகமானது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். முக்கி ஹாக்லே என்ற ஆய்வாளர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை ஆர்ட்னன்ஸ் சர்வே தரவோடு ஒப்பிட்டபோது இடவேறுபாடு சராசரியாக 6 மீட்டர் அளவில்தான் இருந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது, அதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது: வசதி குறைந்த பகுதிகள் குறைவாகப் பதிவாகியிருந்தன. 2017-ல் வெளியான இன்னோர் ஆய்வு, உலகின் சாலை வலையமைப்பில் ஏறத்தாழ 83 விழுக்காடு இந்த வரைபடத்தில் வந்துவிட்டதாகக் கணக்கிட்டது. அது சாலைகளின் கணக்கு. சைக்கிளுக்குத் தேவையான குறிப்புகள் அந்த அளவுக்கு நிரம்பவில்லை என்பது தினமும் பார்க்கிற எனக்குத் தெரிகிறது.

இதற்காகக் கவனமே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புதியவர்கள் செய்கிற தவறுகளில் உண்மையிலேயே வலிப்பது இரண்டு. ஒன்று, திரையை நகர்த்தப் போய்த் தெரியாமல் ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்துவிடுவது. ஒரு நெடுஞ்சாலை பக்கத்துத் தெருவுக்குள் வந்து விழும். சேமிக்கும் முன் மாற்றங்களின் பட்டியலை ஒருமுறை படித்தால், நீங்கள் தொடாததாக நினைத்த ஏதாவது அதில் இருந்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, புரியாததை அழிப்பது. ஒரு தெருவை அழித்தால் அதன்மேல் போகிற வழித்தடமும் அங்கே அறுந்துபோகும். அழித்துவிட்டுப் புதிதாக வரைவதைவிட இருப்பதைச் சரிசெய்யுங்கள், வரலாறும் தொடரும். சந்தேகம் இருந்தால் தரவை மாற்றாமல், அந்த இடத்தில் மற்ற தன்னார்வலர்களுக்கு நோட் என்கிற ஒரு சிறு செய்தியை வைத்துவிட்டுப் போகலாம். கணக்கு இல்லாதவர்கள்கூட வைக்கலாம். நீங்கள் சொன்ன அந்த 'இல்லாத பாதை'க்கு அதுதான் சரியான முதல் அடி: 'இந்த வாரம் நேரில் பார்த்தேன், தனிப்பாதை எதுவும் இல்லை, சாலை மட்டும்தான்' என்று எழுதுங்கள். என்றைக்குப் பார்த்தீர்கள் என்பதைக் கட்டாயம் சேருங்கள்.

உங்கள் பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருத்த வரலாறு பொதுவில் இருக்கும். ஒரே பகுதியில் திருத்திக்கொண்டே இருந்தால் நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்று ஊகிக்க முடியும், அதனால் கணக்குக்குப் புனைபெயர் வையுங்கள். ஜிபிஎஸ் தடத்தை ஏற்றும்போது வீட்டுக்குப் பக்கத்துப் பகுதியை இரண்டு முனையிலும் வெட்டிவிடுங்கள். சைக்கிள் ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்கவேண்டாம். நான் ஒவ்வொரு சந்திலும் நின்று, பலகையை ஒரு படம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வீட்டில் உட்கார்ந்து செய்கிறேன். சில சமயம் குரலைப் பதிவுசெய்துகொள்வேன்: 'இடது பக்கம் கல் பதித்த சந்து, முடிவில் கேட், திறந்திருக்கிறது'. வீட்டுக்கு வந்து கேட்டால் அந்த இடமே கண்முன் வரும்.

சேமித்ததும் முதன்மைத் தளத்தின் படத்தில் சில நிமிடங்களில் உங்கள் தெரு வந்துவிடும். உலாவி பழைய படத்தைப் பிடித்துவைத்திருந்தால் கொஞ்சம் தாமதமாகும். அதே தளத்தில் சைக்கிளாஸ்எம் என்ற அடுக்கைத் தேர்ந்தெடுத்தால் சைக்கிளுக்கான குறிப்புகள் வண்ணத்தில் தெரியும். நீங்கள் ஒட்டியது சரியாகப் பதிந்ததா என்று பார்க்க அதைவிட எளிய வழி இல்லை. போனில் இருக்கிற ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் தரவை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்வதால், அவை புதுப்பிக்கும்வரை பழையதுதான் காட்டும். உடனே வரவில்லையே என்று மறுபடியும் வரைந்துவிடாதீர்கள், தெரு இரட்டையாகிவிடும்.

முதல் வாரத்துக்கு இதைச் செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் இருந்து நீங்கள் தினமும் போகிற இடம்வரை உள்ள வழியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் விடுபட்ட சந்து ஒன்றைச் சேர்த்து, இரண்டு முனைகளையும் ஒட்டுங்கள். அந்த வழியில் இருக்கிற எல்லாத் தெருக்களுக்கும் மேற்பரப்பை எழுதுங்கள். ஒருவழிப் பலகை இருந்தால் அதற்குக் கீழே சைக்கிளுக்கு விலக்கு எழுதியிருக்கிறதா என்று நின்று படியுங்கள். சேமிக்கும்போது கேட்கிற விளக்கப் பெட்டியில் 'நேரில் பார்த்துச் சேர்த்தது' என்று தமிழிலேயே எழுதலாம். கூடவே 'என் திருத்தத்தைச் சரிபார்க்கவும்' என்ற தேர்வுப்பெட்டியையும் தொட்டுவிடுங்கள். அது எங்களைப் போன்றவர்கள் தேடிப் பார்க்கிற பட்டியலில் வரும். சேமித்தபிறகு அந்தத் திருத்தத்தின் எண்ணை இங்கே போடுங்கள், முனைகள் ஒட்டியிருக்கின்றனவா என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.